பெருநிறை இரும விண்மீன்களின் எக்ஸ் கதிர்ச் சீற்றங்கள்: கேள்வி பதில்

கேள்வி: நியூட்ரான் விண்மீன் என்பது எரிபொருள் தீர்ந்த எச்சம்தானே? அது எப்படிச் சூரியனைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒளிர்கிறது?

பதில்: இங்கே பேசப்படும் இரும விண்மீன் என்பது, பெருநிறை கொண்ட ஒரு விண்மீனும் ஒரு நியூட்ரான் விண்மீனும் ஒன்றையொன்று சுற்றும் இணை. நியூட்ரான் விண்மீன் தன் கையிருப்பைக் கொண்டு ஒளிர்வதில்லை. துணையான அந்தப் பெரிய விண்மீனிடமிருந்து வந்து விழும் வாயுவின் ஈர்ப்பாற்றலே ஒளியாகிறது. சூரியனைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நிறையும் சுமார் 12 கிலோமீட்டர் ஆரமும் உள்ள கோளத்தின்மீது விழும் வாயு, ஒளியின் வேகத்தில் பாதியளவை எட்டிவிடும். ஹைட்ரஜன் பிணைவில் நிறையின் 0.7 விழுக்காடே ஆற்றலாக மாறுகிறது. இங்கோ 10 விழுக்காட்டுக்கும் மேல். அவ்வளவும் காந்தத் துருவங்களை ஒட்டிய சிறு பரப்பில் வெளிப்படுவதால், வெப்பநிலை கோடிக்கணக்கான டிகிரிக்கு ஏறி எக்ஸ் கதிர் பிறக்கிறது.

கேள்வி: பிறகு ஏன் பல மாதங்கள் அடங்கிக் கிடந்து திடீரெனச் சீறுகிறது?

பதில்: எல்லோரும் நியூட்ரான் விண்மீனையே பார்க்கிறோம், ஆனால் கயிறு துணை விண்மீனின் கையில் இருக்கிறது. இத்தகைய இணைகளில் பெரும்பாலானவற்றில் துணையாக இருப்பது 'பி-ஈ' (Be) வகை, அதாவது மிக வேகமாகச் சுழலும் சூடான நீல விண்மீன். அது தன் நடுக்கோட்டிலிருந்து வாயுவை வெளித்தள்ளித் தன்னைச் சுற்றி ஒரு வட்டை வளர்க்கிறது. நீள்வட்டப் பாதையில் வரும் நியூட்ரான் விண்மீன், துணையை மிக நெருங்கும் இடத்தில் அந்த வட்டின் விளிம்பிலிருந்து வாயுவை ஈர்த்துக்கொள்வதால், சுற்றுக்கு ஒருமுறை மிதமான சீற்றம் எழுகிறது. இது முதல் வகை. வட்டு பெரிதாக வளர்ந்தோ, சாய்ந்தோ, ஒருபக்கமாக நீண்டோ போகும்போது, சுற்றுப்பாதைக் கணக்கோடு ஒட்டாமல் வாரக்கணக்கில் நீடிக்கும் பெருஞ்சீற்றம் எழுவது இரண்டாம் வகை.

ரிஷப மண்டலத்தில் உள்ள ஏ 0535+26 இரண்டையும் காட்டியிருக்கிறது. 1975இல் கண்டறியப்பட்ட இந்த இணையின் சுற்றுக்காலம் 111 நாட்கள். 2020 நவம்பரில் அது, வானில் தனக்குச் சில டிகிரி தள்ளி இருக்கும், எக்ஸ் கதிர் ஒளிர்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் விண்மீன் வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலாவைவிட எக்ஸ் கதிரில் 10 மடங்குக்கும் மேல் ஒளிர்ந்தது.

கேள்வி: இது நோவாவைப் போன்ற வெடிப்பா?

பதில்: இல்லை. நோவாவில் வெள்ளைக் குறுமீனின் (சூரியன் போன்ற விண்மீனின் எச்சத்தின்) பரப்பில் சேர்ந்த ஹைட்ரஜன் அணுக்கருப் பிணைவால் வெடிக்கிறது. இங்கே எதுவும் வெடிப்பதில்லை. வந்து விழும் பொருளின் அளவு கூடுகிறது, அவ்வளவே.

கேள்வி: வாயு வந்தும் ஒளிராமல் இருக்க முடியுமா?

பதில்: முடியும். நியூட்ரான் விண்மீனின் காந்தப்புலம் வாயிற்காவலனைப் போன்றது. வாயுவின் அழுத்தம் குறைந்தால், அந்தப் புலத்தின் ஆளுகைக்குட்பட்ட பகுதியான காந்தக்கோளம் விரிந்து, அதன் விளிம்பு வாயுவின் சுற்று வேகத்தைவிட விரைவாகச் சுழலத் தொடங்கும். அப்போது வாயு உள்ளே விழாமல் வெளியே வீசியெறியப்படும். 3.6 நொடிக்கு ஒருமுறை சுழலும் 4யு 0115+63, சீற்றத்தின் இறுதியில் படிப்படியாக மங்காமல் சட்டென்று அணைந்ததற்கு இதுவே விளக்கம்.

கேள்வி: ஒளிர்வுக்கு எடிங்டன் வரம்பு உண்டு என்கிறார்களே?

பதில்: கதிரழுத்தமும் ஈர்ப்பும் சமமாகும் அந்த வரம்பு, நியூட்ரான் விண்மீனுக்குச் சூரியனைப் போல சுமார் 50,000 மடங்கு. ஆனால் வாயு எல்லாத் திசைகளிலிருந்தும் சீராக விழுகிறது என்ற அனுமானத்தில்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. வலிய காந்தப்புலம் வாயுவைக் குறுகிய தூணாகத் துருவத்துக்கு இறக்கும்போது, ஒளி தூணின் பக்கவாட்டில் தப்பிச் செல்கிறது. அந்தப் புலத்தில் எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிப்பதும் குறைகிறது. 2017 அக்டோபரில் சீறத் தொடங்கிய ஸ்விஃப்ட் ஜே0243.6+6124 வரம்பைப் பன்மடங்கு தாண்டியது. அதன் நிறமாலையில் 146 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (எக்ஸ் கதிரின் ஆற்றல் அலகு) அருகே காணப்பட்ட சைக்ளோட்ரான் கோடு, அதாவது காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் பதிக்கும் கோடு, 10 லட்சம் கோடி காஸையும் (காந்தப்புல வலிமையின் அலகு) விஞ்சிய புலத்தைக் காட்டுகிறது.

கேள்வி: ஆர்வலர்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: வளிமண்டலம் எக்ஸ் கதிரைத் தடுத்துவிடுவதால் சீற்றத்தை நேராகப் பார்க்க இயலாது. ஆனால் ஏ 0535+26இன் துணை விண்மீன் ஏறத்தாழ 9ஆம் ஒளிப்பொலிவு கொண்டது (எண் கூடக் கூட விண்மீன் மங்கலாகும்); நிறமாலைமானி பொருத்திய சிறு தொலைநோக்கிக்கு எட்டும். 656.3 நானோமீட்டரில் உள்ள ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு உமிழ்கோடாக (ஒளிரும் கோடாக) வலுத்தால் வட்டு வளர்கிறது. உறிஞ்சுகோடாக (கருங்கோடாக) மாறினால் வட்டு கலைந்துவிட்டது. அந்தக் கோட்டை ஆண்டுக்கணக்கில் விடாமல் அளந்துவருவது, ஒரேயொரு சீற்றத்தைத் துரத்துவதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.