நகராத மட்டிக்கு எதற்கு இவ்வளவு ஆறு?

கேள்வி: அமெரிக்காவில் அழிந்துவரும் ஆற்று மட்டிகளுக்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆற்றை 'முக்கிய வாழிடம்' என்று அறிவித்திருக்கிறார்களாமே? ஒரே இடத்தில் கிடக்கிற மட்டிக்கு அவ்வளவு தூரம் எதற்கு?
– கல்லூரி மாணவி, திருச்சி

நீங்கள் படித்தது டெக்சாஸ் செய்தியாக இருக்கும். 2024 ஜூனில் அங்கே குவாடலூப், பிராசோஸ் முதலான ஆறுகளில் வாழும் ஏழு இன மட்டிகளைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தபோது, கூடவே சுமார் 2,500 கி.மீ. ஆற்றையும் வாழிடமாக அறிவித்தார்கள்.

மட்டி அதிகம் நகராதுதான், ஆனால் அதன் குஞ்சு ஊர் சுற்றும். தாய் மட்டி வெளியே விடும் பொடி லார்வா ஒரு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு, சில வாரம் அங்கேயே வளர்ந்து, அப்புறம் உதிர்ந்து ஆற்றுப் படுகையில் விழ வேண்டும். ஏதோ ஒரு மீன் என்றால் ஆகாது, பெரும்பாலான இனங்களுக்குக் குறிப்பிட்ட சில மீன்கள்தான் சரிப்படும். (சில தாய் மட்டிகள் தங்கள் சதை ஓரத்தைக் குட்டி மீன் போலவே ஆட்டிக்காட்டும், இரை என்று நம்பிக் கடிக்க வரும் பாஸ் மீனின் மேல் லார்வாக்களைப் பீய்ச்சிவிடும். கண்ணே இல்லாத உயிர் மீனை வரைந்து காட்டுகிறது, எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.) ஆக, அந்த மீன் ஏறி இறங்கும் ஆறு முழுக்க மட்டிக்கும் வேண்டும். நடுவில் அணை வந்து மீன் நின்றுபோனால், மட்டியின் வம்சமும் அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: எந்த இடம் முக்கியம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

தண்ணீரில் முகத்தை வைத்துக் குப்புற மிதந்தபடி, கையால் சரளையைத் தடவித் தடவித்தான். அசையாத சரளையும் மணலும் இருக்கிறதா, ஓட்டம் வற்றாமல் இருக்கிறதா, வண்டல் மூடுகிறதா, அம்மோனியா அளவு என்ன (இளம் மட்டிகளுக்கு அது விஷம்), லார்வா ஒட்டிக்கொள்ளும் அந்தக் குறிப்பிட்ட மீன் இருக்கிறதா, எல்லாம் பார்ப்பார்கள். அருங்காட்சியகங்களில் ஊரும் தேதியும் எழுதி வைத்த பழைய ஓடுகளும் உதவும், முன்பு எதுவரை வாழ்ந்தன என்பதை அவைதான் சொல்லும்.

ஆனால் உயிருள்ள மட்டி கிடைத்ததும் 'இங்கே நன்றாக இருக்கிறது' என்று முடிவு கட்ட முடியாது. பல இனங்கள் பத்து இருபது வருடங்கள், சில அதற்கும் மேல் வாழ்பவை. மேலே அணை கட்டி, மீன் வரத்து நின்ற பிறகும் கிழட்டு மட்டிகள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், குஞ்சு மட்டும் ஒன்றுகூட இருக்காது. எண்ணிக்கையை விட, சின்ன மட்டி கிடைத்ததா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

கேள்வி: இப்படி அறிவித்தால் கரையோர விவசாயியின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளுமா?
– வாசகர், ஈரோடு

எடுக்காது. மட்டிகளுக்கான எல்லை பொதுவாக வழக்கமான உயர்நீர் மட்டத்தோடு நின்றுவிடும். மத்திய அரசின் பணமோ அனுமதியோ தேவைப்படும் அணை, பாலம், தூர்வாரல் போன்ற வேலைகளுக்குத்தான் கட்டுப்பாடு. அந்த வாழிடம் கெடாது என்று மீன், வனவிலங்குத் துறையிடம் முதலில் கலந்து பேச வேண்டும்.

கேள்வி: மட்டியே இல்லாத இடத்தையும் சேர்க்கிறார்களாமே, வீண் இல்லையா?
– அதே வாசகர்

இனம் பிழைக்க அந்த இடம் அவசியம் என்றால் சட்டம் அதற்கு இடம் தருகிறது, நானும் அதை ஆதரிக்கிறேன். திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு ஆறு மிஞ்சியிருக்க வேண்டாமா? வீணாவது தாமதத்தில்தான். பெரும்பாலும் அலபாமா மாநிலத்தில் பரந்திருக்கும் மொபைல் ஆற்று வடிநிலத்தில் 2004இல் 11 இன மட்டிகளுக்கு வாழிடம் அறிவித்தார்கள். அதில் 'சதர்ன் ஏகார்ன்ஷெல்', 'அப்லேண்ட் கோம்ப்ஷெல்' இரண்டும் அழிந்துவிட்டன என்று 2023இல் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். முதலாவது கடைசியாகக் கண்ணில் பட்டது 1973இல். அழியும் உயிர்களுக்கான சட்டம் வந்ததும் அதே வருடம்தான்.