பிட்சரா, கேட்சரா? பெரியப்பா சொல்லும் காலேஜை ஓரமாக வையுங்கள்

ஹூஸ்டன் புறநகரில் பதினோராம் வகுப்புப் படிக்கும் மகனைப் பற்றி ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பள்ளி பேஸ்பால் அணியில் பையன் கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன். ஆட்டம் இழுபறியானால் பந்து வீசும் பிட்சரும் அவன்தான். ஒரு நாள் அவன் மணிக்கு 86 மைல் வேகத்தில் வீசியதை, திறமையான பையன்களைத் தேடி வரும் ஸ்கவுட் ஒருவர் குறித்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. அப்பாவுக்கு ஆஸ்டினில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும். நியூ ஜெர்சி பெரியப்பாவுக்கு டிவிஷன் 1 பல்கலைக்கழகம் (கல்லூரி விளையாட்டின் மேல்தட்டு), அதுவும் பிட்சராக. அதற்காக ஊர் ஊராகப் போய் ஆடும் இன்னொரு டிராவல் டீம், தனிப் பயிற்சியாளர், கோடையில் கோச்சுகள் முன் திறமை காட்டும் நான்கு ஷோகேஸ். பையனோ எந்த பேட்டருக்கு எந்தப் பந்து எடுபட்டது என்று ராத்திரி உட்கார்ந்து நோட்டில் எழுதுகிறான். "ரெண்டும் வருதுன்னா நல்லதுதானே, அப்புறம் எனக்கு ஏன் பயமா இருக்கு?" என்று அம்மா கேட்கிறார்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. முதலில் அவன் முழங்கையைப் பார்ப்போம்; காலேஜ் அப்புறம்.

உச்சத் தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வரையறைப்படி, 17-18 வயதுப் பையன் ஒரு நாளில் 105 பந்துக்கு மேல் வீசக் கூடாது. 81 பந்தைத் தொட்டால் 4 நாள் ஓய்வு. 30 பந்துக்குள் முடித்தால் ஓய்வே தேவையில்லை. இந்தக் கடைசி வரியில்தான் உங்கள் மகன் மாட்டுகிறான். சனிக்கிழமை இரண்டு ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டம் 7 இன்னிங்ஸும் கேட்ச் செய்கிறான். பேட்டர் தொடாத பந்தையெல்லாம் பிட்சருக்குத் திருப்பி எறிகிறான். ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடங்கும்முன்னும் மைதானத்தில் எதிரே உள்ள இரண்டாம் பேஸுக்கு ஒரு முழு எறி. இரண்டாவது ஆட்டத்தின் கடைசி இரண்டு இன்னிங்ஸில் 28 பந்து வீசி ஜெயித்துக் கொடுக்கிறான். ஸ்கோர் புத்தகத்தில் ஏறுவது 28 மட்டும். மற்ற எறிகள் எந்தக் கணக்கிலும் இல்லை, ஆகவே அவன் திங்கட்கிழமை மறுபடி முட்டி மடக்கி உட்காரத் தடையும் இல்லை.

அதோடு, குந்தி உட்கார்ந்தே தொடை சோர்ந்தவன் பந்து வீசும் மேட்டில் ஏறினால், கால் தர வேண்டிய விசையைத் தோளும் முழங்கையும் ஈடுகட்டும். உயர்நிலைப்பள்ளி பிட்சர்களில் கேட்ச்சும் செய்பவர்களுக்குக் கை காயம் ஏறக்குறைய 3 மடங்கு அதிகம் என்று ஆய்வு சொல்கிறது. முழங்கையின் உட்புறத் தசைநார் அறுந்து டாமி ஜான் அறுவை சிகிச்சை என்று போனால், ஒரு பிட்சர் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே பள்ளிக் கோச்சிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்: ஒரே நாளில் இரண்டு வேலையும் கிடையாது, பிட்ச் செய்த மறுநாள் கேட்ச் கிடையாது. வருடத்தில் 4 மாதம் போட்டிப் பந்துவீச்சு வேண்டாம்; அதில் 2, 3 மாதம் தொடர்ச்சியாக எறிவதே வேண்டாம். இலையுதிர்கால டிராவல் டீம் விழுங்குவது சரியாக இந்த மாதங்களைத்தான். இன்னொரு டீமுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இரண்டில் எது என்றால், கேட்சர். அவன் நோட்டே அதைச் சொல்லிவிட்டது. சந்தையும் அதைத்தான் சொல்கிறது: 86 மைல் வீசும் வலக்கைப் பிட்சர்கள் டெக்சாஸில் ஏராளம். பந்தை ஒழுங்காக வாங்கி, மண்ணில் விழுவதை மார்பால் மறித்து, பதற்றத்தில் இருக்கும் பிட்சரைத் தட்டிக்கொடுத்து நடத்தும் கேட்சர்கள் அரிது. கை வலுவாக இருந்தால் பிட்சர் ஆகும் கதவும் மூடிவிடாது. கென்லி ஜான்சன் டாட்ஜர்ஸ் என்ற மேஜர் லீக் அணியின் கீழ்நிலை மைனர் லீகில் கேட்சராக இருந்தவர்; 2009-ல் பிட்சராக மாற்றினார்கள், 2010-ல் மேஜர் லீகில் வீசினார். பல வருடம் பிட்சராக மட்டும் இருந்துவிட்டுக் கேட்சராவது மிக அபூர்வம்.

கேட்சரிடம் ஸ்கவுட் முதலில் பார்ப்பது பாப் டைம். பந்து கேட்சரின் கையுறையில் படும் நொடியிலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவர் கையுறையில் படும்வரை ஆகும் நேரம் அது. தூரம் 127 அடி சொச்சம். மேஜர் லீக் சராசரியே 2.0 விநாடியை ஒட்டித்தான். ஸ்டாப்வாட்சை நம்பாதீர்கள், விரல் தாமதமே கணக்கைக் கெடுக்கும். போனை பக்கவாட்டில் நிறுத்தி, இருவரும் தெரியும்படி விநாடிக்கு 60 ஃப்ரேமில் படம் எடுத்து எண்ணுங்கள்: 120 ஃப்ரேம் என்றால் 2.00, 126 என்றால் 2.10. ஐந்து எறி எடுத்து நடுவில் நிற்கும் எண்ணைச் சொல்லுங்கள். மிகச் சிறந்ததைச் சொன்னால் கோச் நேரில் அளக்கும்போது பையன்தான் தலைகுனிவான்.

காலேஜுக்கு வருவோம். டிவிஷன் 1-ல், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய 2025 ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் பேஸ்பால் அணிக்கு 34 பேர்தான். அந்த இடங்களுக்கு வேறு காலேஜிலிருந்து மாறி வரும் 21, 22 வயதுக்காரர்களும் போட்டி. முதலாண்டுக் கேட்சருக்குப் பெரும்பாலும் பெஞ்சுதான். பெரியப்பாவுக்குச் சொல்லிக்கொள்ளப் பெயர் கிடைக்கும்; பையனுக்கு ஆட்டம் கிடைப்பது அரிது.

உங்கள் வீட்டில் யாருமே பேசாத வழி ஜூனியர் காலேஜ், அதாவது இரண்டாண்டுக் கல்லூரி. நம்மவர்களுக்கு 'கம்யூனிட்டி காலேஜ்' என்றாலே முகம் சுளிக்கும். மேஜர் லீகில் பெயர் பெற்ற பிட்சர்களான ரோஜர் கிளெமென்ஸும் ஆண்டி பெட்டிட்டும் உங்கள் ஹூஸ்டனை ஒட்டிய சான் ஹசிண்டோ காலேஜில் ஆடியவர்கள். பிரைஸ் ஹார்ப்பர் தெற்கு நெவாடா காலேஜில் கேட்சராக ஆடி, மேஜர் லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2010 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். இரண்டாண்டுக் கல்லூரி என்பதால் வருடா வருடம் பாதி அணி காலியாகும், ஆகவே முதலாண்டிலேயே கேட்சர் இடம் திறந்திருக்கும். ஜூனியர் காலேஜ் சங்கத்தின் டிவிஷன் 1-ல் ஓர் அணி 24 ஸ்காலர்ஷிப் வரை தரலாம். கல்விக் கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் அதில் அடங்கலாம். டிவிஷன் 2-ல் தங்குமிடமும் சாப்பாடும் சேராது, டிவிஷன் 3-ல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே இல்லை. எந்த டிவிஷன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்பாவின் கவலைக்கும் இங்கே பதில் உண்டு. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளின் 42 கிரெடிட் பொதுப் பாடத்தை முழுதாக முடித்துவிட்டால், மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை ஏற்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அது போதாது. கால்குலஸ் இரண்டும், லேபோடு இயற்பியலும் சேர்த்து எடுக்க வேண்டும். சிக்கல் லேப் நேரத்தில் வரும், ஏனென்றால் பயிற்சி பெரும்பாலும் மதியம்தான். காலை லேப் இருக்கிறதா என்று முன்பே பார்த்து, இல்லையென்றால் இயற்பியலைக் கோடைக்குத் தள்ளுங்கள். இப்போதே, பல்கலைக்கழக விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ-வின் தகுதி மையத்திலும் பதிவு செய்யுங்கள். பள்ளியில் 16 மையப் பாடங்களும் 2.3 மதிப்பெண் சராசரியும் (ஜிபிஏ) இல்லாமல் ஜூனியர் காலேஜ் போனால், பின்னாளில் டிவிஷன் 1-க்கு மாறும் நிபந்தனைகள் கடுமையாகும்.

ஷோகேஸ் நான்கு வேண்டாம், ஒன்று போதும். ஒவ்வொன்றும் சில நூறு டாலர், ஹோட்டலும் பயணமும் தனி. 'உங்கள் மகனை அழைக்கிறோம்' என்று வரும் கேம்ப் மின்னஞ்சல் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் போவது. அவன் ஆட்டத்தைக் குறிப்பிட்டுக் கோச் எழுதியிருந்தால் மட்டும் போங்கள். அதைவிட மூன்று நிமிட வீடியோ பலன் தரும்: இரண்டாம் பேஸுக்கு வெட்டாமல் ஐந்து எறி, பந்து வாங்குவது பத்து, இடம் வலம் நடு என்று மண்ணில் மறிப்பது, பேட்டிங் இரண்டு கோணத்தில். பாட்டு போடாதீர்கள். பிட்சிங் கடைசியில் பத்துப் பந்து போதும். மின்னஞ்சலை அவனே எழுதட்டும். தலைப்பில் பள்ளி முடிக்கும் வருடம், கேட்சர், பாப் டைம், மதிப்பெண் சராசரி இருக்கட்டும். அப்பா எழுதும் கடிதத்தைக் கோச்சுகள் படித்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள்.

காலேஜைப் பார்க்கப் போகும்போது கோச்சிடம் அவன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இப்போது எத்தனை கேட்சர், அவர்களில் அடுத்த வருடம் யார் இருப்பார்கள்? இரண்டாண்டு முடித்த உங்கள் கடைசிக் கேட்சர் எந்தப் பல்கலைக்கழகம் போனார்? கை அடிபட்டால் ஸ்காலர்ஷிப் அடுத்த வருடமும் வருமா? மூன்றாவதற்கு வரும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.