மார்கழிக் குளிரும் மாமனார் கம்பளியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தளிக்கு அருகே ஒரு சிற்றூரில் கூட்டுக் குடும்பமாக வசிக்கிறோம். மார்கழி பிறந்தது முதல் எங்கள் வீட்டில் இட்லி மாவு பொங்குவதே இல்லை. “உன் கைராசி அப்படி” என்கிறார் மாமியார். மாவுக்குக் குளிராமல் இருக்கட்டும் என்று மாமனாரின் கம்பளியை எடுத்துப் பாத்திரத்தைச் சுற்றி வைத்தேன். நள்ளிரவில் குளிர் தாங்காமல் எழுந்து வந்தவர் இருட்டில் கம்பளியைப் பிடித்து இழுக்க, மாவு முழுவதும் அவர் காலில் கொட்டிவிட்டது. துவைத்த கம்பளி உலர வெயிலும் இல்லை. குறை என் கையிலா, குளிரிலா?
— ஒரு வாசகி, தளி

பதில்: குறை குளிரில்தான். இந்தப் பக்கத்தை உங்கள் மாமியாரிடமே படித்துக் காட்டுங்கள். மாவைப் பொங்கச் செய்பவை அரிசியோடும் உளுந்தோடும் இயல்பாகவே வந்து சேரும் நுண்ணுயிர்கள். அவை மாவிலுள்ள சர்க்கரையை உண்டு புளிப்பையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. நன்றாக அரைபட்ட உளுந்தின் பசை அந்த வாயுக் குமிழிகளைத் தப்பவிடாமல் பிடித்துக்கொள்வதால் மாவு எழும்புகிறது. 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஓர் இரவில் முடிந்துவிடும் இந்த வேலை, 15 டிகிரிக்கு இறங்கினால் மறுநாள் மாலை வரைகூட இழுக்கும். தளியும் ஓசூரும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், தருமபுரி நகரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தில் இருக்கின்றன. மேகமில்லாத மார்கழி இரவில் நிலத்தின் சூடு தடையின்றி வானத்துக்குப் போய்விடுவதால், விடியற்காலையில் சிமெண்டுத் தரை பனிக்கட்டியாகக் குளிர்கிறது. அந்தத் தரையில் வைத்த மாவு எப்படிப் பொங்கும்?

கம்பளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது, அவ்வளவே. மனிதருக்கு உடற்சூடு உண்டு என்பதால் அது நமக்கு உதவுகிறது. தொட்டித் தண்ணீரில் அரைத்த குளிர்ந்த மாவைச் சுற்றினால் அந்தக் குளிரைத்தான் அது பத்திரப்படுத்தும். ஆகவே, முதலில் மாவுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு மூடுங்கள். மாலையில் அரைக்காமல் பகலிலேயே அரைத்து, கடைசியில் விடும் தண்ணீரை வெதுவெதுப்பாக விட்டு, கையால் நன்றாகக் கரைத்து, பாதி நிரம்பிய பாத்திரத்தை விரல் தாங்கும் சூடுள்ள நீர் நிறைந்த அகலமான குண்டானுக்குள் வைத்துச் சாக்கால் மூடி, மாட்டுக்கு வைத்திருக்கும் வைக்கோலுக்குள் செருகிவிடுங்கள். தண்ணீர் கொதிநிலையில் இருந்தால் நுண்ணுயிர்கள் இறந்துவிடும். தயிர் உறையவும் இதே வழி உதவும். பாலை வெதுவெதுப்பாக இருக்கும்போதே உறை குத்தி, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக மோர் சேர்த்தால் போதும். கம்பளியை மாமனாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த வயதில் இரவுக் குளிர் விளையாட்டல்ல.

கேள்வி: தேங்காய் எண்ணெய் புட்டியில் வெள்ளையாகக் கட்டிவிட்டது. மெழுகு கலந்திருக்கிறார்கள் என்று என் கணவர் கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார். கலப்படம்தானா?
— ஒரு வாசகி, ஊத்தங்கரை

பதில்: இல்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் இயல்பு. உறைவதால் மட்டுமே அது சுத்தமானது என்றும் சொல்லிவிட முடியாது. பாமாயிலும் குளிரில் கட்டும். அகலவாய்ப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் கரண்டியால் எடுக்கலாம். உங்கள் கணவர் கடைக்காரரிடம் வருத்தம் தெரிவித்துவிடுவது நல்லது.

கேள்வி: ராகிக் கொல்லையில் காவலுக்குப் பரணில் படுத்திருந்த அப்பா, பனிமூட்டத்தில் ஏதோ கருப்பாக அசைவதைப் பார்த்துவிட்டு “யானை, யானை” என்று தகரத்தைத் தட்டி ஊரையே எழுப்பிவிட்டார். தீவட்டியோடு ஓடிப்போய்ப் பார்த்தால், கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த எங்கள் வீட்டு எருமை. இப்போது சின்னப் பிள்ளைகள்கூட அவரை ‘யானைத் தாத்தா’ என்கிறார்கள். இனிக் காவலுக்கே போக மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: உங்கள் அப்பா செய்தது சரி. ராகி கதிர் முற்றும் பருவத்தில்தான் கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் உங்கள் பக்கம் வருகின்றன. பனிமூட்டத்தில் உருவத்தின் அளவும் தொலைவும் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. இருபதடியில் நிற்கும் எருமை, தள்ளி நிற்கும் யானையைப் போலத் தோன்றுவதில் வியப்பில்லை. எருமையை யானை என்று எண்ணிக் கூப்பிட்டவரால் ஊர் ஓர் இரவுத் தூக்கத்தைத்தான் இழந்தது. யானையை எருமை என்று எண்ணி ஓட்டப் போகிறவர் உயிரையே இழப்பார். பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லி, அந்தப் பட்டப்பெயரை நிறுத்தச் சொல்லுங்கள். எருமையின் கழுத்தில் ஒரு மணியைக் கட்டிவிடுங்கள். அடுத்த முறை இருட்டில் அசைவது எது என்று காதே சொல்லிவிடும். தீவட்டியோடு ஓடிப்போய்ப் பார்ப்பது மட்டும் வேண்டாம். பரணில் இருவராக இருங்கள். யானை என்று தெரிந்தால் இறங்காமல் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். அதில் மாட்டிக்கொள்வது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். பயிர் சேதமானால் வனத்துறை இழப்பீடு தருகிறது என்பதால், சேதத்தைப் படம் எடுத்துவைத்துத் தாமதிக்காமல் எழுத்துமூலம் மனுக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டி இரவில் கரி போட்ட கும்மட்டி அடுப்பையும், குளிரில் நடுங்குகிறதென்று அடைக்கோழியையும் படுக்கையறைக்குள் கொண்டுவந்து, சன்னல் இடுக்கில் பழைய சேலையைத் திணித்துவிடுகிறார். விடியற்காலையில் கோழி கொக்கரித்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறது. எழுந்தால் அனைவருக்கும் தலைவலி. பனித் தலைவலி என்கிறார் பாட்டி.
— ஒரு வாசகர், பர்கூர்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் கவலையாகிவிட்டது. இன்று இரவே அந்த அடுப்பு வெளியே போக வேண்டும். மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்; அடுத்து மயக்கம், தூக்கத்திலேயே மரணம் என்று அது முடியக்கூடும். அடுப்பு எரிந்த அறையில் யாராவது எழுப்பியும் எழாவிட்டால், கதவைத் திறந்து உடனே வெளியே தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள். பாட்டி படுக்கப்போகும்முன் திண்ணையில் அமர்ந்து குளிர் காயட்டும். படுக்கையில் கம்பளிக்குள் துணி சுற்றிய வெந்நீர்ப் பையை வைத்துக்கொடுங்கள். கோழிக்குப் பாட்டி இரங்குவது நியாயமே. அதன் கூடையில் வைக்கோலைப் பரப்பி, பனி விழாத தாழ்வாரத்தில் வைத்து, வாடைக்காற்று வரும் பக்கத்தைச் சாக்கால் மறைத்தால் போதும். அடைக்கோழி தன் சூட்டிலேயே முட்டைகளைக் காத்துக்கொள்ளும்.