நோயோடு வந்த நாய்க்குட்டி: மாற்றுக் குட்டி வேண்டாம், மருத்துவச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்

கேள்வி: இணைய விளம்பரத்தைப் பார்த்து, சென்னையில் உள்ள ஒரு புரோக்கர் மூலம் 18,000 ரூபாய்க்கு லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கினேன். "45 நாள் குட்டி, ஹெவி போன் (பருத்த எலும்புக்கட்டு), முதல் ஊசி போட்டாயிற்று" என்று விளம்பரத்தில் இருந்தது. சேலத்திலிருந்து ஆம்னி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள், கிளாம்பாக்கத்தில் இறக்கிக்கொண்டேன். மூன்றாம் நாளே வாந்தி, இரத்தக் கழிச்சல். மருத்துவர் பார்வோ என்ற வைரஸ் நோய் என்கிறார். இதுவரை சிகிச்சைக்கு 21,000 ரூபாய் ஆகிவிட்டது. பில் எதுவும் தரவில்லை. "நான் இடையில் நின்றவன்தான், குட்டியைத் திருப்பித் தாருங்கள், வேறு குட்டி வாங்கித் தருகிறேன்" என்கிறார் புரோக்கர். வளர்ந்த பிறகு ஒருமுறை குட்டி போட வைக்கலாம் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா? – ஒரு வாசகர், தாம்பரம்.

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. குட்டிக்குக் கொடுத்த 18,000 ரூபாயோடு சிகிச்சைச் செலவையும், பட்ட மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் சேர்த்தே நீங்கள் கேட்கலாம். செலவு குட்டியின் விலையைத் தாண்டிவிட்டதே என்று தயங்க வேண்டாம். இழப்பீடு விலைக்குள் அடங்கியாக வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்லவில்லை. உயிருள்ள ஒன்றைப் 'பொருள்' என்று எழுத உங்களுக்கு மனம் வராமல் இருக்கலாம். ஆனால் அசையும் சொத்து எதுவானாலும் அந்தச் சட்டத்தில் பொருள்தான், அந்தக் கணக்கில்தான் உங்களுக்கு நுகர்வோர் என்ற உரிமையும் வருகிறது.

முதலில் அந்த மாற்றுக் குட்டிப் பேச்சை நிறுத்துங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் வழக்கைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். நோயுற்ற குட்டி புரோக்கரின் கைக்குப் போனதும் உங்கள் முதன்மையான சாட்சியம் போய்விடுகிறது. அதற்கு என்ன சிகிச்சை நடந்தது, நடந்ததா என்பதே பிறகு தெரியாது. மாற்றுக் குட்டியைக் கொடுக்கும்போது "பிரச்சினை முடிந்தது, நன்றி" என்று உங்களை ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பச் சொல்வார்கள். நீங்களும் நாகரிகம் கருதி அனுப்புவீர்கள். பின்னாளில் நுகர்வோர் ஆணையத்தின் முன் அவர்கள் தாக்கல் செய்யும் முதல் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். அதைவிடக் கொடுமை, கால்நடை மருத்துவர்கள் எல்லோரும் எச்சரிக்கிற ஒன்று: பார்வோ வைரஸ் தரையிலும் பாய்விரிப்பிலும் தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயில் ஊற்றிக் கழுவினால் போகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். தடுப்பூசித் தொடர் முடியாத இன்னொரு குட்டியை அதே வீட்டுக்குள் விட்டால் அதுவும் படுக்கும். அப்போது "உங்கள் வீட்டில்தான் கிருமி" என்று புரோக்கர் சொல்வார், அந்த இரண்டாவது குட்டியைப் பொறுத்தவரை அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

அடுத்து, மருத்துவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை. "பார்வோ" என்று ஒரே சொல் எழுதிய சீட்டு போதாது. குட்டி எந்தத் தேதியில் உங்களிடம் வந்தது, எந்தத் தேதியில் முதல் அறிகுறி தெரிந்தது, மலப் பரிசோதனை ரேபிட் கிட் என்ன காட்டியது, இரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை என்ன என்பதெல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். ஊசி போட்ட சில நாட்களுக்குள் ரேபிட் கிட் அந்த ஊசியாலேயே பாசிட்டிவ் காட்டக்கூடும் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம்; அறிகுறிகளும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்து இருந்தால் அந்த வாதம் நிற்காது. இந்த நோய் தொற்றி வெளியே தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். உங்கள் குட்டிக்கு மூன்றாம் நாளே தெரிந்திருக்கிறது. ஆகவே தொற்று விற்றவரின் இடத்திலோ வழியிலோ ஏற்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற கருத்தை மருத்துவர் தம் பதிவு எண்ணோடும் முத்திரையோடும் எழுதிக் கொடுத்தால், வழக்கில் பாதி வேலை முடிந்தது. குட்டி பிழைக்கட்டும். ஒருவேளை இறந்துவிட்டால், அழுகையோடு அழுகையாக அன்றே புதைத்துவிடாமல், உடலை ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக எடுத்துக்கொண்டு வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகிப் பிரேதப் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். உறைய வைக்காதீர்கள், திசுக்கள் கெட்டுவிடும்.

பில் இல்லை என்பது நீங்கள் நினைப்பது போல் உங்கள் பலவீனம் அல்ல. விற்றதற்கு ரசீது தராததையே இந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அதில் சேர்த்தி. ரசீதில் கெடு எதுவும் குறிக்காத நிலையில் அதற்கு 30 நாள் கணக்கு. ஆகையால் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். அந்த விளம்பரத்தையும் இன்னொரு முறை படியுங்கள். "45 நாள் குட்டி." நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள், ஆகாத குட்டியை விற்கவே கூடாது. விற்றவர் தம் குற்றத்தைத் தாமே விளம்பரம் செய்திருக்கிறார்! ஊர் முழுக்க எல்லோரும் 35 நாளிலும் 45 நாளிலும்தான் விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் குட்டி சின்னதாக இருந்தால்தான் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி வாங்குகிறார்கள். விதியோ அரசிதழில் உறங்குகிறது.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சிறு ஸ்டிக்கரில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். அதன் பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் மட்டும் இருந்து கையெழுத்து இல்லையென்றால், ஊசியை யார் போட்டார், குப்பி குளிரில் வைக்கப்பட்டிருந்ததா என்பது கடவுளுக்கே வெளிச்சம். சிலர் கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சான்றிதழைக் காட்டி வாயடைப்பார்கள். அது குட்டியின் வம்சாவளிக்கான தாள். அதன் உடல்நலத்துக்கும் அந்தத் தாளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

"இடையில் நின்றவன்" என்ற பாட்டுக்கு வருகிறேன். பணம் யாருடைய கணக்குக்குப் போனதோ அவர் உங்களைப் பொறுத்தவரை விற்பனையாளர். குட்டியை ஏற்றி அனுப்பிய சேலத்துக்காரர் இரண்டாம் எதிர்மனுதாரர். தமக்குள் யார் எவ்வளவு பங்கு எடுத்தார்கள் என்பதை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். உண்மையான தொல்லை முகவரிதான். ஒரு கைபேசி எண்ணையும் ஒரு புனைபெயரையும் வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் வியாபாரம் செய்கிற கூட்டம் இது. யுபிஐ செலுத்துகைப் பதிவில் வங்கியில் உள்ள பெயர் இருக்கும், அதைப் படமெடுத்து வையுங்கள். பஸ் அலுவலகம் கொடுத்த பார்சல் சீட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அனுப்பியவர் பெயரும் ஊரும் எண்ணும் அதில்தான் இருக்கும். நாயைச் சாலை வழியே அனுப்பும்போது தொற்றுநோய் அறிகுறி இல்லை, பயணம் தாங்கும் என்ற கால்நடை மருத்துவரின் சான்று உடன் இருக்க வேண்டும் என்று 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள் சொல்கின்றன. அந்தச் சான்று இல்லாமல் ஏற்றியிருந்தால் அதையும் புகாரில் ஒரு பத்தியாக எழுதுங்கள்.

இனி நடைமுறை. இருவருக்கும் 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அதன் படத்தை அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், சமரசத்துக்கு முயல்வார்கள், கட்டாயப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் இல்லை. 1930 வேறு, அது சைபர் குற்ற உதவி எண், பணத்தை வாங்கிக்கொண்டு குட்டியே அனுப்பாமல் ஏமாற்றினால் அதற்குப் பேச வேண்டும். நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால், சேலத்துக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்கிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் வழக்குகளுக்கான இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் ஐந்து மாதத்தில், புகாரை முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் அழகாக எழுதியிருக்கிறது. அந்த வரியை எழுதியவர்கள் ஒரு மாவட்ட ஆணையத்தின் வாசலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். தலைவர் பதவி காலி, உறுப்பினர் இல்லை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேரவில்லை என்று வாய்தா மேல் வாய்தா போகும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: எதிர்மனுதாரர் தம் பதிலுரையைத் தாக்கல் செய்ய 30 நாளும் அதற்கு மேல் 15 நாளும்தான் உண்டு, அதைத் தாண்டி ஆணையம்கூட நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்த்துச் சொல்லிவிட்டது. 46ஆம் நாள் வந்ததும் எழுந்து நின்று அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு உறுத்துகிறது, அதாவது பின்னாளில் குட்டி போட வைக்கும் எண்ணம். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் அல்லர். புரோக்கரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலில் "பிரீடிங்குக்கு ஏற்றதா?" என்று நீங்கள் ஒரு வரி கேட்டிருந்தாலும், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு வழக்கையே தள்ளுபடி செய்யச் சொல்லும். பயப்பட வேண்டாம். நீதிமன்றங்கள் பார்ப்பது, வாங்கியபோது முதன்மையான நோக்கம் எது என்பதை. வீட்டில் பிள்ளைகளோடு வளர ஒரே ஒரு குட்டி வாங்கியவர், அது வளர்ந்த பிறகு ஒருமுறை ஈனட்டும் என்று நினைத்ததால் வியாபாரி ஆகிவிட மாட்டார். ஆணும் பெண்ணுமாக ஜோடி வாங்கி, கூண்டு கட்டி, ஆள் வைத்து நடத்துகிறவர் கதை வேறு. அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இவ்விருவருக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார்: வேறு வருமானம் இல்லாமல், தாமே உழைத்து இதையே பிழைப்பாக வைத்திருப்பவர். அவரைச் சட்டம் விலக்கவில்லை, ஆனால் பிரீடராக, அதாவது நாய் இனப்பெருக்கம் செய்பவராக, விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்ற கேள்வி அவரை நோக்கித் திரும்பும். உங்கள் பிரமாண வாக்குமூலத்தில் அந்த எண்ணத்தை மறைக்கவும் வேண்டாம், விரிக்கவும் வேண்டாம். வீட்டில் வளர்க்க வாங்கினேன் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். உரையாடலில் அந்த வரி இருந்தால் அழிக்காதீர்கள். அவர்களிடமும் அதன் பிரதி இருக்கிறது.

காவல் நிலையம் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். போகலாம், "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்ற பதிலோடு பெரும்பாலும் திரும்பி வருவீர்கள். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்றைக்கும் அவ்வளவுதான், குட்டியை ஏற்றி அனுப்பிய பார்சல் கூலி அதைவிட அதிகம். இருந்தாலும் விளம்பரத்தின் படத்தை இணைத்துத் தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்துக்கு ஒரு மனு அனுப்புங்கள். பதிவில்லாத விற்பனையைக் கவனிக்க வேண்டிய இடம் அது. அதனால் உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. நோட்டீஸ் இருவர் கையிலும் சேர்ந்து ஒப்புகை வந்த பிறகே அந்த மனுவை அனுப்புங்கள், ஏனென்றால் மனு முந்திக்கொண்டால் விளம்பரமும் கைபேசி எண்ணும் ஒரே இரவில் காணாமல் போய்விடும்.