விற்ற விமானத்தைத் திரும்ப வாங்க எனக்கு உரிமை இருக்கிறதா?

கேள்வி: 1946-ல் தயாரான பைப்பர் ஜே-3 கப் விமானம் ஒன்றை 22 வருஷம் வைத்திருந்தேன். மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை. உடல்தகுதிச் சான்று கிடைக்காமல் போனதால் 6 வருஷத்துக்கு முன் விற்றேன். "பின்னாளில் இதை விற்க நேர்ந்தால், அடுத்தவர் தருவதாகச் சொல்லும் அதே விலைக்கு முதலில் உங்களுக்கே தருவேன்" என்று வாங்கியவர் ஒப்பந்தத்தின் அடியில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இப்போது உடம்பு தேறி, மறுபடி சான்று வாங்கிவிட்டேன். போன வாரம்தான் தெரிந்தது, எனக்குச் சொல்லாமல் வேறொருவரிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். கேட்டால், "அது மரியாதைக்கு எழுதியது. அவரைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். என் மகள் முதன்முதலாகப் பறந்தது அதன் முன் இருக்கையில்தான். எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் நாட்கள் முக்கியம். எனவே முதலில் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். "உங்கள் கையெழுத்துள்ள நிபந்தனைப்படி, அந்த மூன்றாம் நபர் ஒப்புக்கொண்ட அதே விலைக்கு, அதே நிபந்தனைகளுக்கு நான் வாங்கத் தயார். அந்த விவரங்களை எழுத்தில் தாருங்கள். அதுவரை விமானத்தைக் கைமாற்றாதீர்கள்" என்று இன்றே ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் போகட்டும். கோபமாக ஒரு சொல்கூட வேண்டாம். நாளை நீதிபதி படிக்கப்போகும் கடிதம் அது.

மரியாதைக்கு எழுதியது என்று அவர் சொல்வது நிற்காது. விற்பனை முடிந்து சாவியைக் கொடுத்த பிறகு, ஹேங்கர் வாசலில் நின்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் கதை வேறு. மறுபயன், அதாவது பதிலுக்குக் கொடுக்கும் ஏதாவது ஒன்று, இல்லாத வாக்குறுதியை இங்கிலாந்து மரபில் வந்த நீதிமன்றங்கள் பொதுவாக அமல்படுத்துவதில்லை. இங்கே அந்த வரி விற்பனை ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. விமானத்தை நீங்கள் கொடுத்ததே அதற்கான மறுபயன். "விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தால், விலையே இல்லாத ஒப்பந்தம் என்று வாதாடியிருப்பார். உங்கள் வரியில் எப்போது, யாருக்கு, என்ன விலைக்கு என்ற மூன்றும் தெளிவாக இருக்கின்றன.

உங்களிடம் இருப்பது முதல் வாய்ப்பு உரிமை. நினைத்தபோது திரும்ப வாங்கும் உரிமை அல்ல. அவர் விற்காமலே வைத்திருந்தால் நீங்கள் எதுவும் செய்ய முடியாது. ஆனால் விற்க முடிவெடுத்துவிட்டால், அடுத்தவர் ஒப்புக்கொண்ட தொகையைக் கொடுத்தால் போதும். கூடுதலாக ஒரு காசு கேட்கவும் அவருக்கு உரிமை இல்லை. அதே சமயம் அந்த மற்றவர் முழுப் பணத்தையும் ஒரே தவணையில், இருக்கும் நிலையிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தால் நீங்களும் அப்படியே செய்ய வேண்டும். தவணை கேட்டால் உரிமை நழுவும். பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, அதற்கான வங்கிச் சான்றையும் நோட்டீஸோடு இணையுங்கள். சட்டம் தரும் அவகாசம் சில இடங்களில் மிகக் குறைவு. ஜெர்மன் சிவில் சட்டத்தில் நிலத்துக்கு இரண்டு மாதம், அசையும் பொருளுக்குத் தகவல் கிடைத்த நாளிலிருந்து ஒரே வாரம்தான்.

அட்வான்ஸ் கொடுத்தவர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. உங்கள் உரிமை தெரியாமல், நல்லெண்ணத்தோடு முழு விலையும் கொடுத்து அவர் விமானத்தைப் பெற்றுக்கொண்டுவிட்டால், பெரும்பாலும் அவரிடமிருந்து மீட்க முடியாது. விற்றவரிடம் நஷ்டஈடு கேட்பதோடு நிற்க வேண்டியதுதான். ஆகவே அவர் யாரென்று தெரிந்தால் அவருக்கும் ஒரு கடிதம் போகட்டும். அந்த வரியின் நகலை இணைத்து, "இப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது" என்று மட்டும் எழுதுங்கள். "விமானம் என்னுடையது" என்று எழுதிவிடாதீர்கள். அது உண்மை இல்லை. அந்தப் பொய்யால் விற்பனை கெட்டால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

நோட்டீஸுக்கு மசியாவிட்டால், கைமாற்றக் கூடாது என்று இடைக்காலத் தடையும், ஒப்பந்தப்படி உங்களுக்கே விற்கும்படி உத்தரவும் கேட்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் எங்கே அடிப்பார் என்று இப்போதே சொல்கிறேன். "ஜே-3 கப் 19,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். இன்னொன்றை வாங்கிக்கொள்ளட்டும், விலையில் வித்தியாசம் இருந்தால் கொடுத்துவிடுகிறோம்" என்பார். இது வலுவான வாதம். இங்கிலாந்தின் 1979 பொருள் விற்பனைச் சட்டத்தின் 52-வது பிரிவில், பணத்துக்குப் பதில் பொருளையே கொடுக்கச் சொல்லும் உத்தரவு நீதிபதியின் விருப்பத்துக்கு உட்பட்டது. அமெரிக்க மாநிலங்களின் வணிகச் சட்டம் பொருள் தனித்தன்மை உள்ளதா என்று பார்க்கிறது. இந்தியாவில் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் இந்த நிவாரணம் நீதிமன்றத்தின் விருப்பம் என்ற நிலை மாறி, உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. எங்கே வழக்குப் போட்டாலும் உங்கள் பதில் ஒன்றுதான். நான் கேட்பது ஏதோ ஒரு கப் அல்ல, இந்தத் தொடர் எண் உள்ள கப். 22 வருஷ லாக் புத்தகப் பதிவுகள், விமானத்தைப் போர்த்தியிருக்கும் துணியை நீங்கள் மாற்றியபோது எடுத்த படங்கள், மகள் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் படம், எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். பாசம் இங்கே சாட்சியாக உதவும்.

இரண்டு எச்சரிக்கைகள். தடை கேட்டுப் பின்னால் தோற்றால், இடைப்பட்ட நஷ்டத்தை ஈடுகட்டுவேன் என்று உறுதி தரச் சொல்வது இங்கிலாந்து நீதிமன்ற வழக்கம். ஒப்பந்த மீறலுக்கான காலவரையறை இங்கிலாந்தில் 6 வருஷம், இந்தியாவில் 3, அமெரிக்க வணிகச் சட்டத்தில் பொதுவாக 4. மீறிய நாளிலிருந்து கணக்கு என்பதால், 6 வருஷப் பழைய காகிதம் என்று பயப்பட வேண்டாம்.

சரி, அவர் இறங்கி வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இடம்தான். தன் பழைய விமானத்தைத் திரும்ப வாங்குபவர் எதையும் சரிபார்ப்பதில்லை. "எனக்குத் தெரியாத விமானமா?" என்ற நினைப்பு. சட்டத்தில் அந்த நினைப்பே உங்களுக்கு எதிராக வரும். நாளை ஒரு குறை வெளிப்பட்டு, மறைத்து விற்றுவிட்டார் என்று நீங்கள் வழக்குப் போட்டால், "22 வருஷம் வைத்திருந்தவர், இது அவர் காலத்துக் குறை, அவருக்குத் தெரிந்தே வாங்கினார்" என்பார். உண்மை தெரிந்து வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது. எனவே புது ஒப்பந்தத்தில் காலத்தைப் பிரித்து எழுதுங்கள். விற்ற நாள் முதல் திரும்ப வாங்கும் நாள் வரை நடந்த விபத்து, தரையில் கவிழ்ந்தது, பழுதுபார்ப்பு, மாற்றிய பாகம், பறந்த மணிநேரம் அனைத்தையும் தான் முழுமையாகத் தெரிவித்துவிட்டதாக அவர் உறுதி தர வேண்டும். கூடவே, முதல் விற்பனை தொடர்பாக உங்கள் மேல் தனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி. அவர் தரப்பு "இருக்கும் நிலையில்" என்ற சொல்லைப் போடும். போடட்டும், ஆனால் அந்த உறுதிமொழிகளுக்கு அது பொருந்தாது என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

வில்லங்கம் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். பதிவுச் சான்றிதழில் பெயர் இருப்பது உரிமைக்கு அத்தாட்சி இல்லை. அமெரிக்கச் சட்டமும் பிரிட்டிஷ் விமானப் பதிவேடும் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன. விமான அடமானங்களுக்கான 2001 கேப் டவுன் உடன்படிக்கையின் சர்வதேசப் பதிவேட்டில் தேடி நிம்மதி அடையவும் வேண்டாம். பணிக்குழு உட்பட எட்டுப் பேருக்காவது இடமுள்ள, அல்லது 2,750 கிலோவுக்கு மேல் சரக்கு ஏற்றும் விமானங்களுக்குத்தான் அது. உங்கள் இரண்டு இருக்கை விமானத்துக்கு அந்தந்த நாட்டுப் பதிவேடும் அடமானப் பதிவேடும்தான் கதி. தேடும்போது உங்கள் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் முதன்முதலில் வாங்கியபோது வைத்த கடன் அடைந்தும், அடமானம் ரத்தாகாமல் பதிவேட்டில் கிடக்கலாம். பழுதுபார்த்த பட்டறைக்குப் பாக்கி இருந்தால், பணம் வரும்வரை விமானத்தைப் பிடித்துவைக்கும் பற்றுரிமை அவர்களுக்கு இருக்கும். அது பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. பட்டறையிலிருந்தே பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். இடையில் விமானம் வேறு நாட்டுப் பதிவுக்குப் போயிருந்தால், அங்கே நீக்கிய பிறகே இங்கே பதியலாம். 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி ஒரு விமானத்துக்கு ஒரே சமயத்தில் இரு நாட்டுப் பதிவு செல்லாது.

விமானத்தை உங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். இறக்கையைத் தாங்கும் முட்டுக்கம்பிகள் உள்ளுக்குள் துருப்பிடிப்பது கப் விமானத்தின் பழைய நோய். பெயின்ட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. 65 குதிரைத்திறன் காண்டினென்டல் எஞ்சினை எடுத்துவிட்டுப் பெரியது வைத்திருந்தால், அதற்கு முறையான அனுமதி உண்டா என்று லாக் புத்தகத்தில் தேடுங்கள். அனுமதி இல்லாவிட்டால் விமானத்தின் பறக்கும் தகுதிச் சான்றும் காப்பீடும் இரண்டுமே ஆட்டம் காணும்.

ஒப்பந்த அட்டவணையில் பாகங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். கழற்றிப் பரண்மேல் போட்டிருக்கும் மர புரொப்பெல்லர், பழைய கருவிகள், எரிபொருள் அளவைக் காட்ட மூடியில் தக்கை மிதவையோடு ஏறி இறங்கும் அந்தக் கம்பி எல்லாம் அட்டவணையில் இருந்தால்தான் உங்களுக்குச் சேரும். விமானத்தில் பொருத்தப்படாதது தானாக வராது. விமான, எஞ்சின் லாக் புத்தகங்கள் கைக்கு வரும்வரை பணம் நடுநிலையான மூன்றாம் ஆளிடம் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் முன், தொடர் எண் பொறித்த அந்தச் சின்னத் தகட்டைத் தேடிப் பிடித்து, உங்களிடம் இருக்கும் பழைய ஒப்பந்தத்தின் எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.