பிள்ளை பெற்று மூன்று கிழமை, படுத்தால் மூச்சு முட்டுது: இதய வருத்தமாக இருக்குமா?

கேள்வி மட்டக்களப்பு படுவான்கரையில் இருக்கும் ஒரு தங்கச்சியைப் பற்றியது. கால் வீக்கம், இரவில் இருமல். வீசிங் என்று நெபுலைஸ் பண்ணியும் குறையவில்லையாம்.

பெரிபார்ட்டம் கார்டியோமயோபதியாக இருக்கலாம். கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கி, பிள்ளை பெற்று ஐந்து மாதத்துக்குள் இதயத் தசை தளர்ந்துபோகும் அரிய வருத்தம் இது. கால் வீக்கமும் களைப்பும் ‘பிள்ளைப்பெத்த உடம்புதானே’ என்ற கணக்கில் போய்விடுவதால்தான் பிந்திப் பிடிபடுகிறது. இரவில் எத்தனை தலையணை வைக்கிறா என்று கேளுங்கள். எழும்பிக் குந்தினால்தான் மூச்சு வருகிறதென்றால் விடியும்வரை பார்க்கவேண்டாம், 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

இசிஜி பெரிதாக ஒன்றும் காட்டாமல் விடலாம். எக்கோ என்ற இதய ஸ்கேன்தான் முடிவு சொல்லும். அதில் ‘ஈஎஃப்’ என்று ஒரு எண் வரும்: இடது அறை ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் இரத்தத்தின் வீதம். சாதாரணமாக 55க்கு மேல். இந்த வருத்தத்தில் 45க்குக் கீழே. வாதக் காய்ச்சலால் சுருங்கிய வால்வும் இதே மாதிரி மூச்சு முட்ட வைக்கும், அதற்கு வைத்தியம் வேறு. எக்கோவில் அதுவும் தெரிந்துவிடும். முந்தி இதய வருத்தம் ஏதும் இருந்ததா என்பதையும் பார்த்துத்தான் பெயர் வைப்பார்கள்.

முதலில் ஃபுரோசமைட் ஊசி போட்டு நுரையீரல் நீரை இறக்குவார்கள். பிறகு எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் குளிசைகள். நீர் இறங்கியபின் இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா புளொக்கர். எனலாப்ரில் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆகவே பேறுக்குப் பிறகு மட்டும். பால் கொடுக்கும்போது குடிக்கலாம். சிலருக்கு புரோமோகிரிப்டின் தினமும் 2.5 மில்லிகிராம் ஒரு கிழமைக்காவது கொடுப்பார்கள். அதில் பால் வற்றும், இரத்தம் உறையவும் கூடும். உறையாமல் இருக்க ஊசி சேர்ந்தே போகும். பிள்ளைக்குப் பால்மா கொடுப்பதைப் பற்றி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் விடியற்காலையில் சலம் கழித்ததும் நிறை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் நீர் திரும்பக் கட்டுகிறது. பால் சுரக்கச் சுறா கொடுப்பதென்றால் பச்சைச் சுறா கொடுங்கள், கருவாடு முழுக்க உப்பு. தையல் நோவுக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போடவேண்டாம், அது நீரைத் தேக்கும். நல்லாயிருக்கு என்று குளிசையைத் தானாக நிறுத்துவதுதான் பலர் விடும் பிழை.

பலருக்கு ஆறு மாதத்துக்குள் இதயம் தேறிவிடும். ஈஎஃப் பழைய நிலைக்கு வராவிட்டால் அடுத்த பிள்ளை வேண்டாம்; ஈஎஃப் பழைய நிலைக்கு வந்தாலும் இதய வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடைக் குளிசை சரிவராது. கருப்பைக்குள் வைக்கும் லூப் அல்லது கைத்தோலுக்குள் வைக்கும் ஜடெல் போடலாமா என்று கிளினிக் மருத்துவமாதுவிடம், எக்கோ ரிப்போட்டைக் காட்டியே கேளுங்கள்.