கருப்புக் கோடு மட்டும் ஏன் உதிருது?

கேள்வி: அக்கா வணக்கம், நான் பழைய வண்ணாரப்பேட்டை, காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கிறேன். முதல் தடவையா ஒரு மியூசியத்துல இன்டர்ன்ஷிப், பழைய துணிகளைப் பாதுகாக்குறது பத்தி ரிசர்ச். ஆனா துணியத் தொடவே விடமாட்டேங்குறாங்க, ஒரு பழைய கலம்காரிய (கையால கோடு வரைஞ்சு சாயம் ஏத்துன பருத்தித்துணி) பாத்து எங்கெங்க கிழிஞ்சிருக்குன்னு படம் போட்டு எழுதுறதுதான் வேலை. அதுல கருப்புக் கோடு போற இடம் மட்டும் பொடிப்பொடியா உதிருது, சிவப்பு அப்படியே இருக்கு. தொவச்சு அழுக்கெடுத்து தச்சிட்டா ஆகாதா? எங்க ஆயாவோட பட்டுப்புடவை ஒண்ணு வேற பீரோல இருக்கு, அத எப்படி வெக்கிறது?

பதில்: கருப்பு உதிருது, சிவப்பு நிக்குதுன்னு கண்டுபிடிச்ச பாரும்மா, அதுதான் ரிசர்ச்சே, படம் போடாம இருந்திருந்தா அது உன் கண்ணுல பட்டே இருக்காது.

கருப்புக்கு துணிய கடுக்காய்ல ஊறவச்சு, துருப்பிடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் தண்ணில போட்டு நாள்கணக்கா புளிக்கவச்ச சாறால கோடு இழுப்பாங்க, கடுக்காயோட துவர்ப்புச் சத்தான டானினும் இரும்பும் சேர்ந்தாதான் அந்தக் கருப்பு. வருஷம் போகப் போக அதே இரும்பு ஆக்சிஜனோட சேர்ந்து பருத்தி இழைக்கு பலம் தர்ற செல்லுலோஸ்ங்குற நீளமான மூலக்கூறு சங்கிலிய அறுத்துடும். சிவப்புக்கு படிகாரமும் சாயவேரும், அதுல இந்த இரும்பு இல்ல. பழைய காகித தஸ்தாவேஜுல இரும்பு மை எழுத்து மட்டும் ஓட்டையாகுதே, அதுவும் இதே கெமிஸ்ட்ரிதான், உன் பாடம்தான்.

தொவைக்கறத பத்தி தயவுசெஞ்சு யோசிக்கவே யோசிக்காத. தண்ணி பட்டா இரும்பு பக்கத்து இழைக்கும் பரவலாம், சாயம் ஓடலாம், உதிர்ற நூல் மொத்தமா போயிடும். எண்ணெய் கறை, மடிப்புத் தடம், ஓரத்துல யாரோ போட்ட ஒட்டு எல்லாமே அந்தத் துணி எங்க தொங்குச்சு எப்படி புழங்குச்சுன்னு சொல்ற சாட்சி, போனா திரும்ப வராது. தைக்கணும்னா அடியில நிறம் சேர்ற புதுத்துணி வச்சு, பலமான இடமா பாத்து மெல்லிசு நூல்ல பிடிப்பாங்க, அது அனுபவப்பட்ட கைக்குதான். வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்த அளக்குற அலகு) மேல வேணாம்னு சொல்றதும் இதனாலதான், வெளுத்த சாயத்த யாராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆயா புடவைய சாயம் போடாத, கஞ்சி போக அலசின காடாத்துணில சுத்தி வை, அந்துருண்டை ஜரிகைல படவே கூடாது, அப்பப்போ எடுத்து மடிப்ப மாத்திப் போடு, ஒரே மடிப்புலயே இருந்தாதான் பட்டு இத்துப்போகும். உங்க பக்கம் கடல்காத்து வேற, ஈரப்பதம் 65 சதவீதத்தத் தாண்டிட்டா பூஞ்சை வந்துடும், அதனால மழைநாள்ல பீரோவ தொறந்து போடாத.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப ஆசையான விஷயம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கப்பல்ல ஏத்தின துணிய வெளுத்தவங்க வாழ்ந்த ஊரு உன்னோடது, கொஞ்சம் வடக்க காலடிப்பேட்டைல 1717ல இருந்து 1720 வரைக்கும் சென்னைல கம்பெனி கவர்னரா இருந்த காலட் காலத்துல நெசவாளிங்கள குடியேத்தினாங்க. உன் மியூசியத்துல இருக்குற துணிங்க எந்த ஊர்ல நெய்தது, எங்க வெளுத்ததுன்னு பதிவேட்டுல இருக்கான்னு கைடு கிட்ட கேளு, இல்லன்னா அதையே உன் ப்ராஜெக்ட்டா எடுத்துக்க முடியுமான்னும் சேத்துக் கேட்டுடு.